லாபம், ரெண்டு, மூணு

உப்பங்கட்டளையில் யாரும் ஒன்று என்று எண்ணத் தொடங்குவதில்லை. நெல்லாகட்டும், தேங்காயாகட்டும், கருவாட்டுக் கூடையாகட்டும், களத்தில் முதல் அளவு விழும்போது வாயில் வருகிற வார்த்தை லாபம்தான், அதற்குப் பிறகுதான் ரெண்டு, மூணு, நாலு என்று கணக்கு நடக்கும். வெளியூரிலிருந்து புதிதாக வந்த வாத்தியார் ஒன்று, இரண்டு சொல்லிக்கொடுக்க ஆரம்பித்த அன்றைக்கு ஒண்ணாம் வகுப்பு மொத்தமும் எழுந்து நின்று லாபம், ரெண்டு, மூணு என்று கத்தியதில் மனுஷன் அரண்டுபோய் மாற்றல் கேட்டு எழுதிப்போட்டார் என்று ஊருக்குள் ஒரு பேச்சு உண்டு. அப்படிப்பட்ட ஊரில், ஒரு தை மாதம், கரைச்சம்பா நெல் ஏற்றிக்கொண்டு துறைமுகத்துக்குப் போன லாரியிலிருந்து, லாபம் என்று சொல்லி ஏற்றின மூட்டை மட்டும் மறுநாள் மத்தியானம் திரும்பி வந்து, ஏற்றின இடத்திலேயே, தையல் பிரியாமல், களத்தில் உட்கார்ந்திருந்தது.

முதலில் பார்த்தவர் அய்யாக்கண்ணு. அவர் லோடுமேன்களுக்கு மேஸ்திரி, களத்தில் எண்ணிக்கை சொல்கிற குரல் அவருடையது. முந்தின நாள் மறந்துவிட்டுப் போன துண்டை எடுக்க வந்தவர் மூட்டையைச் சுற்றி வந்து பார்த்தார், தட்டிப் பார்த்தார், அதன் மேலேயே உட்கார்ந்து ஒரு பீடியைக் குடித்து முடித்தார், பிறகு எழுந்து சபாபதி வீட்டுக்குப் போனார்.

சபாபதிக்கு முழுப்பெயர் ரெத்தினசபாபதி. ஊர் அவரை எக்ஸ்போர்ட்டு என்றுதான் கூப்பிடும். நெல் தரகு அவர் தொழில், ஆனால் டவுன் மில்லுக்கு நெல் பிடித்துக் கொடுத்துவிட்டுத் தரகை வாங்கி மடியில் கட்டிக்கொள்கிற ஆள் இல்லை அவர். உட்கார்ந்து சாப்பிடத் தெரியாது, தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு வாசலுக்கும் கொல்லைக்குமாக நடந்தபடியேதான் சாப்பாடு. படுத்தாலும் கால் ஆடிக்கொண்டே இருக்கும். "ஒரு நாடு தின்னது போக மிச்சத்த வெளிய வித்தாத்தாய்யா பெரிய நாடு, நம்ம நெல்லுக்கு ஒலகமே வாயத் தொறந்துகிட்டு நிக்கிது, நாம என்னடான்னா டவுனத் தாண்ட மாட்டேங்குறோம்" என்று டீக்கடையில் ஆரம்பித்தாரானால் பாய்லர் ஆறிப்போகும். "தின்னது போகன்னா, யாரு தின்னது போக?" என்று கடைக்காரர் கோவிந்தராசு கேட்பார், அதற்குப் பதில் சொல்ல சபாபதிக்கு நேரம் இருக்காது, அதற்குள் வேறு எங்கேயாவது கிளம்பியிருப்பார். அப்படி அலைந்து அலைந்துதான் சென்னையில் ஒரு ஏற்றுமதிக் கம்பெனியைப் பிடித்து, ஆப்பிரிக்கக் கரையில் ஒரு நாட்டுக்காரர்களுக்குக் கரைச்சம்பாவை அனுப்ப ஏற்பாடு செய்திருந்தார். அந்த நாட்டுக்காரர்கள் புதிதாக ஆலை கட்டிவைத்திருக்கிறார்கள், உமியோடுதான் வேண்டும் என்றார்கள். கரைச்சம்பா உப்புத்தண்ணீரில் நின்று விளைகிற நெல், உப்பங்கட்டளை மண்ணைத் தவிர வேறெங்கும் அது விளைந்து யாரும் பார்த்ததில்லை, உப்பங்கட்டளை மண்ணும் அதைத் தவிர வேறு நெல்லை ஏற்றுக்கொண்டதில்லை.

"தம்பி, லாபம் திரும்பி வந்துட்டுது" என்றார் அய்யாக்கண்ணு.

"என்னா லாபம்? இன்னும் பணமே வரலையேண்ணே."

"பணம் இல்ல தம்பி. மூட்ட."

சபாபதி தட்டோடு களத்துக்கு ஓடினார். பார்த்தார். டிரைவர் வழியில் தள்ளிவிட்டிருப்பான் என்று போனில் அவனைக் கிழிகிழியென்று கிழித்தார், அவன் பெற்ற பிள்ளை மேல் சத்தியம் செய்தான். அடுத்த லாரியிலும் லாபம் திரும்பி வந்தது. அதற்கடுத்ததில் லாபம் மூட்டையை அடியில் போட்டு மேலே மற்றதை அடுக்கினார்கள், பச்சைப் பெயிண்டால் பெரிய வட்டம் போட்டு அனுப்பினார்கள், மறுநாள் பச்சை வட்டத்தோடு வந்து உட்கார்ந்தது. அதன் பிறகு ஊருக்கு அது பழகிவிட்டது. மத்தியான பஸ் வந்ததா என்று கேட்பதுபோல லாபம் வந்துட்டா என்று கேட்டுக்கொண்டார்கள், வந்துட்டு என்றால் சரி என்று வேலையைப் பார்க்கப் போனார்கள்.

லாரி போய்ச் சேர்ந்து கப்பலும் கிளம்பிவிட்டால் லாபம் வர நாளாகும். அது வரும்போது ஒன்றும் சும்மா வராது. ஒன்றின் மேல் செக்கச்செவேலென்று புழுதி அப்பியிருக்கும், நம் பக்கத்து மண் அந்த நிறத்தில் கிடையாது. ஒன்றில் டீசல் வாடை அடிக்கும். ஒன்றில் யாரோ சாக்கட்டியால் என்னென்னவோ கிறுக்கியிருந்தார்கள், எந்தப் பாஷையோ. ஒரு மூட்டையின் கிழிந்த மூலையை யாரோ நீலநூலால் தைத்திருந்தார்கள், சபாபதியின் மனைவி தைலாம்பாள் அந்தத் தையலை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "எந்தூரு மகராசியோ, கை சுத்தமானவ" என்றாள்.

வந்த மூட்டையை என்ன செய்வது என்பதில்தான் ஊர் கொஞ்சநாள் திண்டாடியது. டவுன் மில்லுக்கு விற்றுப்பார்த்தார்கள், போட்டுவிட்டுக் காசை வாங்கிக்கொண்டு பஸ் ஏறி வருவதற்குள் மூட்டை களத்துக்கு வந்துவிட்டது, மில்காரர் வண்டி போட்டுக்கொண்டு வந்து வாசலில் நின்று மானத்தை வாங்கினார். குத்திச் சோறாக்கித் தின்றுபார்த்தார்கள். சோறு மணக்கத்தான் செய்தது, ஆனால் தின்றவனால் ஊரைவிட்டு வெளியே போய்த் தங்க முடியவில்லை, கல்யாணத்தில் அந்தச் சோற்றைச் சாப்பிட்ட திருப்பூர் மாப்பிள்ளை ஒருவர் திருப்பூர் போய் இறங்கி, அங்கேயே அடுத்த பஸ்ஸைப் பிடித்து மாமியார் வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டார், இன்னும் இங்கேதான் இருக்கிறார், மாமியார்தான் பாவம். கடைசியில் யாரோ விதைத்துப் பார்க்கலாமே என்றார்கள். விதைத்தார்கள். உலகத்தைச் சுற்றிவிட்டு வந்த நெல் உப்பங்கட்டளைச் சேற்றில் விழுந்ததும் அப்படியொரு முளைப்பு முளைத்தது. அந்த வருஷத்திலிருந்து லாபம் விதைக்கு, மற்றது கப்பலுக்கு என்று வழக்கம் வந்துவிட்டது, யாரும் கூடிப் பேசி முடிவு செய்ததில்லை.

அங்கேதான் சபாபதி வாயை வைத்தார். "வெதைக்குன்னு வைக்கோல்ல கோட்ட கட்டி வச்சி எலிக்குப் போட்டுகிட்டு ஒக்காந்திருக்கீங்களே, அதான் லாபம் திரும்பி வந்துருதுல்ல? வச்சிருக்குறதையும் ஏத்துங்க. நாட்டுக்கு அன்னியச் செலாவணி" என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னார். சொல்வது நியாயமாகத்தான் பட்டது. பரணில் இருந்ததெல்லாம் இறங்கி வந்தது.

இதற்கு நடுவில் மேலேயிருந்து அதிகாரிகள் ஜீப்பில் வந்தார்கள். வரப்பில் நின்று மண்ணைக் கிள்ளி முகர்ந்தார்கள், இந்தக் கரையோரம் முழுவதும் இந்த நெல்லைப் போட்டால் மூன்று நாடுகளுக்குச் சோறு போடலாம், நம் நாட்டின் ஏற்றுமதி வாய்ப்பை நாம் இன்னும் தொடவேயில்லை என்று ஆளுக்கொரு இளநீரைக் குடித்துக்கொண்டே பேசினார்கள், சபாபதிக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. களத்து ஓரத்தில் திரும்பி வந்த மூட்டைகள் கிடந்ததைப் பார்த்து அது என்ன என்று கேட்டார்கள், அய்யாக்கண்ணு சொன்னார், கேட்டுக்கொண்டு நோட்டில் வழிச்சேதம் என்று எழுதிக்கொண்டார்கள். கண்ணெதிரே குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கிற மூட்டைக்குச் சேதம் என்று பேர் வைக்கிறார்களே என்று அய்யாக்கண்ணுவுக்குக் கோபமான கோபம்.

கம்பெனிக்காரர்களும் அதையே நட்டம் என்றுதான் சொன்னார்கள். அடுத்த அறுவடைக்குக் கம்பெனி மேனேஜர் புருஷோத்தமன் சென்னையிலிருந்து நேரில் வந்துவிட்டார். களத்துச் சூட்டில் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே பேசினார். "சபாபதி சார், லாரிக்கு ஒரு மூட்டை குறையுது. வாங்குறவங்க முதல்ல சிரிச்சாங்க, இப்ப சந்தேகப்படுறாங்க. இந்த வருஷம் ஒரு கப்பல் முழுசா வேணும்கிறாங்க. உங்க ஊர் நெல்லு மட்டும், ஒரு முழுக் கப்பல். ஆனா ஒரு மூட்டை குறைஞ்சாலும் வேற நாட்டுக்குப் போயிடுவாங்க. வியட்நாம்காரன் காத்துக்கிட்டு நிக்கிறான் சார்."

முழுக் கப்பல் என்ற சொல் சபாபதியின் காதில் விழுந்ததுதான் தாமதம், அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. "என்னா சார் பண்ணணும், சொல்லுங்க."

"ஒண்ணும் பண்ண வேண்டாம். ஒண்ணுன்னு ஆரம்பிங்க. லாபம்னு எண்ணுறதாலதானே திரும்பி வருது?"

அவ்வளவு சுலபமான காரியம். அய்யாக்கண்ணுவிடம் சொன்னார்கள். அவர் மேனேஜரின் ஷூவைப் பார்த்தார். "எங்கப்பா, அவுங்கப்பாலாம் நின்ன எடம் சார் இது. இதுல நின்னுகிட்டு அந்த வார்த்தைய நான் சொல்ல மாட்டேன். வேற ஆளப் பாத்துக்குங்க" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்துவிட்டார். லோடுமேன்கள் ஒருத்தனும் முன்வரவில்லை. சபாபதிதான், "விடுங்க சார், நானே சொல்றேன்" என்றார்.

சொல்லிவிட்டாரே தவிர அது வாயில் வந்தால்தானே? பிறந்ததிலிருந்து சொல்லாத சொல். குளிக்கும்போது சொல்லிப் பார்த்தார், வாய்க்கால் மதகில் நின்று தண்ணீரைப் பார்த்துச் சொல்லிப் பார்த்தார், லாப என்று பாதி வந்து அதை விழுங்கிவிட்டு ஒண்ணு என்று துப்பினார், ஒண்ணு, ஒண்ணு, ஒண்ணு என்று கொல்லைக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே சொன்னார், காது கேட்க முடியாமல் தைலாம்பாள், "ஏங்க, ஒங்களுக்கு வேற வார்த்தையே கெடைக்கலையா, வெளக்கு வைக்கிற நேரத்துல" என்று சத்தம் போட்டாள். நாக்கு மசிய நாளாயிற்று. மசிந்த பிறகு நன்றாகவே மசிந்துவிட்டது.

முழு ஊரின் கரைச்சம்பாவும் களத்துக்கு வந்து மலைமலையாகக் குவிந்தது. லாரிகள் வரிசையில் நின்றன. சபாபதி முதல் மூட்டையின் மேல் கையை வைத்து, ஊருக்கே கேட்கிற மாதிரி, "ஒண்ணு!" என்றார். முறத்தில் புடைத்துக்கொண்டிருந்த பொம்பளைகள் கையை நிறுத்தினார்கள். வேறொன்றும் நடக்கவில்லை, மூட்டை ஏறியது, அடுத்தது ஏறியது, ஒவ்வொரு லாரிக்கும் சபாபதி ஒண்ணு என்றார், ஒவ்வொரு லாரியும் போயிற்று, மறுநாள் மத்தியானம் களம் துடைத்துவிட்ட மாதிரி கிடந்தது.

கடைசி லாரியின் கடைசி மூட்டை மட்டும் வாய்வரை நிரம்பவில்லை. ஊரில் ஒரு பிடி நெல் இல்லை. ஒரு மூட்டை குறைந்தாலும் வியட்நாம்காரன் என்றது சபாபதிக்கு ஞாபகம் வந்தது. வீட்டுக்கு ஓடினார். அடுப்படியில் புளிப்பானைக்குப் பின்னால் இன்னொரு பானையில் தைலாம்பாள் ஒரு மரக்கால் நெல் மூடிவைத்திருந்தது அவருக்குத் தெரியும், எதற்கென்று அவரும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. அவள் வயலுக்குப் போயிருந்தாள். எடுத்துக்கொண்டு போய் மூட்டையில் கொட்டி, தானே கோணி ஊசியால் தைத்து ஏற்றிவிட்டார்.

திரும்பி வந்த தைலாம்பாள் வெறும் பானையைப் பார்த்தாள். கத்தவில்லை, அழவில்லை. அன்றையிலிருந்து புருஷனோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். அவர் காதில் விழவேண்டியதைக் கோழியிடம் சொன்னாள். "சோறு ஆறிப்போவுது, திங்கிறவங்க வந்து திங்கலாம்" என்று கோழிக்குச் சொல்லிவிட்டு அந்தப் பக்கம் போய்விடுவாள். ரெண்டு நாளில் சரியாகிவிடும் என்று சபாபதி நினைத்தார், சரியாகவில்லை.

ஊர் என்னமோ கொண்டாடியது. கப்பல் ஒரு மூட்டை குறையாமல் போய்ச் சேர்ந்ததும் பணம் வந்தது, ஓட்டு வீடுகளுக்குத் தளம் போட்டார்கள், வாசலுக்கு வாசல் புது மோட்டார் சைக்கிள் நின்றது, உலகச் சந்தையில் உப்பங்கட்டளை என்று கடைத்தெருவில் சபாபதியின் படத்தைப் போட்டு பிளக்ஸ் வைத்தார்கள். படத்தில் அவர் கோட்டு போட்டிருந்தார், தலை அவருடையது, கோட்டு கம்ப்யூட்டர்காரன் வைத்தது. கோவிந்தராசு கடையில் அவருக்குக் கொஞ்சநாள் டீ இலவசம்.

ஒன்று மட்டும் யாரும் வாய்விட்டுப் பேசவில்லை. ஒண்ணு என்று ஏற்றின எதுவும் திரும்பவில்லை. மூட்டை போகட்டும், திரும்ப வேண்டாம் என்றுதானே சொன்னது? மூட்டையைக் கட்டின கயிறு திரும்பவில்லை, மேலே போர்த்தின ஊர்த் தார்ப்பாய் திரும்பவில்லை, லாரியில் கூடப்போன கிளீனர் மாசிலாமணியும் திரும்பவில்லை. அவனுக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை, துறைமுகத்துப் பக்கத்திலேயே ஒரு புரோட்டாக் கடையில் வேலைக்குச் சேர்ந்து, கடைக்காரர் மகளையே கட்டிக்கொண்டு நன்றாகத்தான் இருக்கிறான். ஆத்தா போன் போட்டு அழுதால், "நல்லாருக்கேன் ஆத்தா, ஊருக்கு வரணும்னுதான் நெனைக்கிறேன், மனசுதான் வரமாட்டேங்குது" என்று அவனும் அழுகிறான். நெல்லு போன வழியில் பிள்ளையும் போயிட்டான் என்று அந்த அம்மாள் பிளக்ஸுக்குக் கீழே உட்கார்ந்து மண்ணை வாரி இறைத்துவிட்டுப் போனாள்.

ஆடி பிறந்தது, ஆற்றில் தண்ணீர் வந்தது, வாய்க்கால் நிரம்பியது. நாற்றங்காலைச் சேறாக்கி வைத்துக்கொண்டு ஊர் வழக்கம்போல லாபம் வரட்டும் என்று காத்திருந்தது. வழக்கம் என்பது அப்படித்தான், போனது தெரிவதற்கு முன்னால் காத்திருக்கத் தொடங்கிவிடும். ஒவ்வொருத்தரும் பக்கத்து வீட்டில் இருக்கும் என்று நினைத்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் அதற்கும் பக்கத்து வீட்டில் இருக்கும் என்று நினைத்தார்கள். இப்படி நினைத்து நினைத்து, கடைசி வீட்டில் வந்து முட்டிய போதுதான் உப்பங்கட்டளையில் ஒரு மணி விதைநெல் இல்லை என்று தெரிந்தது.

விவசாய டிப்போவில் போய் வேறு விதை வாங்கி வந்தார்கள், நல்ல விதைதான், பெயரும் நம்பருமாக. உப்புச் சேற்றில் விழுந்து மஞ்சளாக முளைத்து, ரெண்டு வெயிலுக்கு அப்படியே படுத்துக்கொண்டது. சபாபதி மோட்டார் சைக்கிளில் கடற்கரையோரம் முழுக்க அலைந்தார். ஒரு படி கரைச்சம்பா, ஒரே ஒரு படி இருந்தால் கொடுங்கள், என்ன விலையானாலும் தருகிறேன் என்று கண்ட ஊரில் கண்ட ஆளைக் கெஞ்சினார். "ஒங்க ஊரு நெல்ல எங்ககிட்ட வந்து கேட்டா எப்புடிங்க?" என்றார்கள். எந்த நெல் வேண்டுமென்று உலகமே வாயைத் திறந்துகொண்டு நின்றதோ அந்த நெல் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தது, விளைந்த ஊரில் மட்டும் இல்லை.

ஊர் அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பார், கத்தியிருந்தால் பாரம் குறைந்திருக்கும். டீக்கடைக்குப் போனால் பேச்சு நின்றது. பிளக்ஸை யாரும் கிழிக்கக்கூட இல்லை, மழையில் நனைந்து கோட்டுக்காரர் முகம் மட்டும் கரைந்துகொண்டிருந்தது. தளம் போட்ட வீட்டில் உட்கார்ந்துகொண்டு இந்த வருஷம் ரேஷன் அரிசிதான் என்று சொல்லிக்கொண்டார்கள், அடுத்த வருஷம் என்ன என்று சொல்லிக்கொள்ள யாருக்கும் தைரியம் வரவில்லை. சபாபதி வாழ்க்கையில் முதல்முறையாக எங்கேயும் போகத் தோன்றாமல் நாற்றங்கால் வரப்பில் உட்கார்ந்திருந்தார்.

புருஷோத்தமனுக்குப் போன் போட்டார். கேட்டதும் அவரும் பதறித்தான் போனார், கெட்ட மனுஷன் இல்லை. அந்த நாட்டுத் துறைமுகக் கிடங்கில் பாதி நெல் இன்னும் உமியோடுதான் அடுக்கிக் கிடக்கிறதாம். "ஆனா அவங்க யாரையும் நம்பி அனுப்ப மாட்டாங்க சார், நேர்ல ஆள் வந்து கேட்டா ரெண்டு மூட்டை கொடுப்பாங்க. தேங்காய் ஏத்திக்கிட்டு ஒரு கப்பல் போகுது. சரக்குக்குத் துணையாளா உங்களை ஏத்திவிடுறேன். திரும்பற கப்பல்லயே வந்துடலாம்."

திரும்புகிற கப்பல். சபாபதியிடம் பாஸ்போர்ட் இருந்தது, போகிற ஆசையில் என்றைக்கோ எடுத்து இரும்புப் பெட்டியில் வைத்த பாஸ்போர்ட். இத்தனை நாள் ஆசைப்பட்டது கைக்கு வந்தபோது அதை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடியும் பெட்டியிலேயே வைத்தார். கடலுக்கு அவர் பயப்படவில்லை, செத்துப்போய்விடுவோம் என்ற பயமும் இல்லை. மாசிலாமணிதான் கண்முன்னால் வந்தான். அங்கே போய் இறங்கி, அந்தச் செம்மண் தெருவில் நடந்து, நன்றாகத்தான் இருக்கிறது என்று ஒரு நிமிஷம் நினைத்துவிட்டால்? கால் ஓயாத ஆளுக்கு அந்த ஒரு நிமிஷம் போதாதா? ஊரும் அதைத்தான் நினைத்தது. தைலாம்பாள் கல்யாணமான நாளிலிருந்து அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

"போறவங்க போவட்டும்" என்று கோழியிடம் சொன்னாள். "இருந்தா மட்டும் இருந்தாங்களாக்கும்." சொல்லிவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நாற்றங்காலுக்குப் போய்விட்டாள்.

புறப்படுகிற அன்று காலையில் தேங்காய் மூட்டைகளை ஏற்ற லாரி களத்துக்கு வந்தது. ஊர் முழுக்க வந்து நின்றது. சபாபதியே போய் அய்யாக்கண்ணு வீட்டு வாசலில் நின்று கூப்பிட்டிருந்தார். "அண்ணே, நாந்தான் மொத சரக்கு. வந்து எண்ணுங்கண்ணே. என்னய லாபம்னு சொல்லி ஏத்துங்க. ஒங்க வாயால சொன்னாத்தான் நான் திரும்புவேன்" என்றார். அய்யாக்கண்ணு துண்டை எடுத்துக்கொண்டு வந்தார்.

வெறும் லாரியில் முதல் ஆளாக ஏறி, கால்கள் வெளியே தொங்க, பின்பலகையில் உட்கார்ந்தார் சபாபதி. மடியில் ஒரு துணிப்பை. அய்யாக்கண்ணு கிட்டே வந்து, மூட்டையின் மேல் வைக்கிற மாதிரி அவர் முழங்காலில் கையை வைத்தார், தொண்டையைச் செருமினார், வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. மறுபடியும் திறந்தார். கண்ணில்தான் தண்ணீர் வந்தது.

"தம்பி, தப்பா நெனச்சிக்காத. வாய் வரமாட்டேங்குது. சும்மா சொல்லிட்டுப் போயிரலாம்தான். ஆனா மனசுல வேற வச்சிகிட்டு வாயில வேற சொன்னா இந்தக் களத்துல நிக்காது தம்பி."

"அதான, நட்டத்தப் போயி எப்புடி லாபம்னு கூப்புடறது" என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள், சொன்னவரும் சிரிக்கவில்லை, மற்றவர்களும் சிரிக்கவில்லை. சபாபதி எல்லார் முகத்தையும் பார்த்தார். கோவிந்தராசு தலையைக் குனிந்துகொண்டார். மாசிலாமணியின் ஆத்தா வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"சரி, நானே சொல்லிக்கிறேன்" என்று சபாபதி நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு வாயைத் திறந்தார். பழக்கின நாக்கு, அதற்கு என்ன தெரியும்? "ஒண்" என்று புறப்பட்டுவிட்டது. பதறிப்போய் ரெண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். கூட்டத்தில் பெண்கள் ஐயோ என்றார்கள். கப்பலுக்கு நேரமாகுது, ஏத்துறீங்களா இல்லையா என்று டிரைவர் ஹாரன் அடித்தான்.

அப்போதுதான் கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு தைலாம்பாள் வந்தாள். முழங்கை வரைக்கும் சேறு, சேலையைத் தூக்கிச் செருகியிருந்தாள், மண்வெட்டி தோளில். அந்தக் களத்தில் எந்தப் பொம்பளையும் எண்ணிக்கை சொன்னது கிடையாது. வந்தவள் யாரையும் பார்க்கவில்லை, லாரியின் பக்கப்பலகையில் படாரென்று ஒரு அடி அடித்தாள், தொங்கிக்கொண்டிருந்த புருஷனின் காலைச் சேற்றுக் கையால் இறுக்கிப் பிடித்தாள், பிடித்துக்கொண்டு, அத்தனை நாள் பேசாத கோபமெல்லாம் சேர்ந்து வருகிற குரலில், கத்தினாள்.

"லாபம்!"

களம் அப்படியே நின்றது. பொம்பளை சொன்னால் செல்லுமா என்று கேட்க ஒரு வாய் திறந்திருந்தால் போதும், எல்லாம் கெட்டிருக்கும். அதற்கு முன்னால் அய்யாக்கண்ணு பக்கத்தில் கிடந்த தேங்காய் மூட்டையின் மேல் ஓங்கி ஒரு தட்டு தட்டினார்.

"ரெண்டு!"

லோடுமேன்கள் குனிந்தார்கள், மூட்டை தோளில் ஏறியது, மூணு என்றார், நாலு என்றார், குரல் பழைய குரலாகிவிட்டது. சபாபதி அழுதுகொண்டிருந்தார், துடைத்துக்கொள்ளக்கூடத் தெரியவில்லை, அவர் கால் ஆடாமல் அவள் பிடித்த இடத்திலேயே இருந்தது. தைலாம்பாள் காலை விட்டாள். சேற்று விரல்கள் ஐந்தும் அதில் பதிந்திருந்தன.

"வெதையோட வாங்க" என்றாள் அவரிடமே. பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பி, "நவுருங்க, நாத்தங்காலுக்குத் தண்ணி கட்டணும்" என்று வழியை விலக்கிக்கொண்டு நடந்தாள்.